பாப்பிலியோ பைனாகுலர்: மஞ்சள் பட்டாம்பூச்சியின் புள்ளியை எண்ண முடிகிறதா?

பறவை பார்க்க பைனாகுலர் தேடுகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். பென்டாக்ஸ் பாப்பிலியோ 2 உங்களுக்கானது இல்லை. முன் லென்ஸ் வெறும் 21 மில்லிமீட்டர். கொண்டங்கி ஏரிக் கரையில் சாயங்காலம் ஆறு மணிக்கு இதைத் தூக்கினால் நாரையும் கட்டையும் ஒன்றாகத்தான் தெரியும். தூரத்தைப் பார்க்க இதைவிட நல்லது எத்தனையோ இருக்கிறது.

இந்தச் சாமான் செய்யப்பட்டது அரை மீட்டரில் இருப்பதைப் பார்க்க. சாதாரண பைனாகுலர் இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டாலே மங்கிப் போகும். இது ஐம்பது சென்டிமீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகிறது. உட்கார்ந்து குனிந்தால் உங்கள் செருப்பு வாரில் ஏறும் எறும்பைப் பார்க்கலாம்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு வாழ்கிறவன் என்பதால் கண்ணாடிச் சாமான் விஷயத்தில் கொஞ்சம் திமிரோடுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டாம்பூச்சிப் பைத்தியம் என்னுடையது இல்லை, அக்கா மகளுடையது. கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். கேப்பர் மலை முந்திரித் தோப்புகளில் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிகளை இனம் பிரிக்கிறேன் என்று புராஜெக்ட் எடுத்துக்கொண்டாள். வலை வீசிப் பிடிக்க அவளுக்கு மனசில்லை. "மாமா, ஒங்க லென்ஸ குடுங்களேன்" என்று ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள். அங்கே பிடித்த பைத்தியம்தான் எனக்கும்.

வாட்ச் லென்ஸ் ஏன் உதவாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கண்ணுக்கு வசதியான கிட்டப் பார்வை 25 சென்டிமீட்டர் என்று வைத்துத்தான் லென்ஸில் மடங்கு போடுகிறார்கள். பத்து மடங்கு லென்ஸ் என்றால் பொருள் இரண்டரை சென்டிமீட்டரில் இருக்கவேண்டும். மூன்று மடங்கு என்றால் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். எச்எம்டி ஜனதா வாட்சுக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளான ஹேர்ஸ்பிரிங் அவ்வளவு கிட்டே மூக்கை நீட்டினாலும் பறந்து போகாது. பட்டாம்பூச்சி போகும். பாப்பிலியோவில் 6.5 மடங்கு மாடலை எடுத்துக்கொண்டு அரை மீட்டரில் ஒரு பூச்சியைப் பார்த்தால், மூன்றே கால் மடங்கு வாட்ச் லென்ஸில் பார்க்கிற அளவுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் நீங்கள் இருப்பது ஒரு முழத்துக்கு அப்பால். இந்த ஒரு முழம்தான் நான் காசு கொடுத்து வாங்கியது.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பிரிக்கவில்லை, பயப்படாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் சக்கரத்தை உருட்டினாலே போதும். முன்பக்கம் முழுக்க ஒரே தட்டைக் கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு லென்ஸும் கிட்டப் பார்வைக்கு உருட்ட உருட்ட ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வருகின்றன. நாம் மூக்கு நுனியைப் பார்த்தால் கருவிழி இரண்டும் உள்பக்கம் வருமே, அதே வேலை. சாதாரண பைனாகுலர்களில் இந்த நகர்வு கிடையாது. அதனால்தான் கிட்டே போனால் இரண்டு வட்டம் தனித்தனியாகத் தெரிந்து தலை வலிக்கிறது. இதில் கடைசி வரைக்கும் ஒரே வட்டம். ஓசையில்லாமல், உதறலில்லாமல் அந்த லென்ஸ் ஜோடி நகர்வதைப் பார்த்தபோது செய்தவன் கையை ஒரு தடவை குலுக்கவேண்டும் என்றிருந்தது.

இனி அந்த மஞ்சள் பூச்சிகளுக்கு வருகிறேன். இந்த பைனாகுலருக்கு நான் வைத்த பரீட்சையே அதுதான்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் எந்தக் காலி மனையிலும் தரையோடு தரையாக, ஒரு இடத்தில் நிற்காமல் அலையும் எலுமிச்சை மஞ்சள் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். கிராஸ் எல்லோ, அதாவது புல் மஞ்சள் என்பார்கள். நெருங்கிய இனங்களைச் சேர்த்துச் சொல்லும் பேரினத்தின் பெயர் யூரேமா. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒரே இனம் இல்லை. தமிழ்நாட்டில் காமன், திரீ ஸ்பாட், ஸ்மால், ஸ்பாட்லெஸ் என்று நாலு இனத்தை ஓரளவு தாராளமாகப் பார்க்கலாம். ஒன் ஸ்பாட் என்பதும் நீலகிரி பெயரைத் தாங்கிய இன்னொன்றும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சமாசாரம், நம் பக்கத்துக்கு வேண்டாம்.

பெயர் வைத்த கதையே ஒரு தினுசு. 1758இல் லின்னேயஸ் காமன் கிராஸ் எல்லோவுக்கு ஹெகாபே என்று பெயர் வைத்தபோது அதைப் போட்ட பேரினம் பாப்பிலியோ. அவர் அப்போது எல்லாப் பட்டாம்பூச்சியையும் அந்த ஒரே டப்பாவில்தான் போட்டார். இந்த பைனாகுலரின் பெயரும் அதுவே என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். 1819இல் ஹியூப்னர் யூரேமா என்று தனியே பிரித்தார். அதை ஒட்டியே ஸ்வைன்சன் டெரியாஸ் என்று இன்னொரு பெயர் கொடுக்க, வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்களில் இவையெல்லாம் டெரியாஸ் என்றே இருக்கும். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் யூரேமாவைத் தேடி ஏமாறவேண்டாம். 1989இலிருந்து ஒசாமு யாட்டா என்ற ஜப்பானியர் உட்கார்ந்து, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்து யூரேமாக்களை முழுசாக மறுபடி வரிசைப்படுத்தினார். டெரியாஸ் துணைப் பேரினமாக உயிர் பிழைத்தது. நீலகிரி கிராஸ் எல்லோவுக்கு 1990இல் பெயர் வைத்ததும் அவர்தான்.

இவ்வளவு குழப்பம் வரக் காரணம் பூச்சியேதான். மழைக்காலத்தில் பிறந்ததற்கு மேல் இறகில் கறுப்புக் கரை அகலமாக இருக்கும், அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். காய்ந்த காலத்தில் பிறந்த அதே இனத்துக்குக் கரை குறுகி, அடிப்பக்கம் துருப் பிடித்த மாதிரி பழுப்புக் கறைகள் கூடிவிடும். முட்டையிட்ட தாய் ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சேகரித்தவர்கள் ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயர்களை அடித்துக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று. ஆகவே நிறத்தை வைத்தோ கரையின் அகலத்தை வைத்தோ இனம் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அடையாளம் இருக்கிற இடம் வேறு. முன் இறகின் அடிப்பக்கத்தில், உடம்பிலிருந்து கிளம்பும் நரம்புகள் சூழ்ந்த நீள அறை ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் பழுப்புப் பொட்டுகளை எண்ணவேண்டும். இரண்டு இருந்தால் காமன். மூன்று இருந்தால் திரீ ஸ்பாட், அறிவியல் பெயர் பிளாண்டா. ஒன்றுமே இல்லையென்றால் ஸ்மால் அல்லது ஸ்பாட்லெஸ், அதாவது பிரிகிட்டா அல்லது லேட்டா. கேட்க எவ்வளவு சுலபம்! அந்தப் பொட்டு தட்டிய மிளகுத் தூளில் ஒரு துகள் அளவுதான் இருக்கும். அதோடு, உட்கார்ந்த கிராஸ் எல்லோ இறகை விரிக்கவே விரிக்காது. மூடித்தான் வைத்திருக்கும். மூடிய பிறகு முன் இறகைப் பின் இறகுக்குள் இழுத்துக்கொண்டால் அறையில் பாதி மறைந்துவிடும்.

பரீட்சை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேப்பர் மலையில், ஒரு போர்செட் தொட்டி வழிந்து செம்மண் ஊறியிருந்த இடத்தில். ஈர மண்ணில் உப்புச் சத்து உறிஞ்ச ஏழெட்டு மஞ்சள் பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இப்படிக் குடிக்கிறபோது அது முன் இறகைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதும் அதுதான். நான் குந்தி, முழங்கையை முட்டியில் ஊன்றி, சக்கரத்தைக் கடைசி வரை உருட்டினேன். முதலில் தெரிந்தது மண். செம்மண் பருக்கைக்கு நடுவே குச்சி போலக் கால், சுருள் அவிழ்ந்த உறிஞ்சு குழல், அதன் முனை மண்ணைத் தடவுவது. மேலே வந்தால் இறகு. மஞ்சள் என்று நாம் சொல்வது கிட்டே போனால் ஒரே மஞ்சளாக இல்லை, மேலே மாவு தூவியதுபோல இங்கங்கே பழுப்புத் துகள் கிடக்கிறது. நரம்பு நரம்பாகப் பிரிந்து தெரிந்தது. அறையில் பொட்டு தெரிந்தது.

"மூணு இருக்குடி" என்றேன்.

"கடைசியில இருக்கறத எண்ணாதீங்க மாமா. வளையம் மாதிரி, அவரை விதை மாதிரி வளைஞ்சு இருக்கா? அது அறை முடியற நரம்பு மேல இருக்கறது. எல்லாத்துக்கும் இருக்கும். அறைக்குள்ள மட்டும் சொல்லுங்க."

உள்ளே இரண்டு. காமன். பக்கத்தில் இருந்ததும் இரண்டு. அதற்கடுத்தது கொஞ்சம் சின்னது, அறை காலி. பின் இறகு வட்டமாக இருந்தது. முன் இறகின் நுனியும் உருண்டே இருந்தது. ஸ்பாட்லெஸ் என்றால் நுனி கத்தரித்த மாதிரி சதுரமாக நிற்கும், காய்ந்த காலத்தில் பின் இறகின் அடியில் இரண்டு இருண்ட கோடு ஒன்றுக்கொன்று இணையாகப் போகும். இதில் அது இல்லை, ஆகவே ஸ்மால். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இதில் பைனாகுலருக்கு எவ்வளவு மார்க்? அரை மீட்டரில் பார்வை வட்டம் சுமார் ஆறரை சென்டிமீட்டர். இறகு மூடிய கிராஸ் எல்லோ அதில் தாராளமாக அடங்குகிறது, பக்கத்துப் பூச்சியும் சேர்ந்தே தெரியும். விளிம்பில் நீலமோ ஊதாவோ ஒழுகுகிறதா என்று கண்ணாடிக்காரன் புத்தியில் தேடினேன். நடுவில் இல்லை, ஓரத்தில் லேசாக இருக்கிறது, இந்த வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை. ஃபோகஸ் நிற்கும் ஆழம் மட்டும் ரொம்பக் குறைவு. காற்று வீசி இலை ஒரு விரல் அசைந்தாலும் ஃபோகஸ் போய்விடும். சக்கரத்தைத் துரத்தாதீர்கள். ஒரு தூரத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னே பின்னே சாய்த்துப் பிடியுங்கள். இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரும்.

இதே மாடலில் 8.5 மடங்கும் கிடைக்கிறது. கூடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியுமே என்று அதற்குப் போகிறவர்கள் உண்டு. நான் 6.5 என்றே சொல்வேன். 21 மில்லிமீட்டரை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சக் கற்றையின் அகலம். இதில் 3.2 மில்லிமீட்டர், அதில் 2.5 தான். முந்திரி மர நிழலில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், துள்ளித் திரியும் பூச்சியை வட்டத்துக்குள் பிடிப்பதும் கஷ்டம்.

மழைக்கு இது ஆகாது. தண்ணீர் புகாத வகை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பையில் ஒரு பிளாஸ்டிக் உறையும், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வையுங்கள். கைக்கடிகாரம் வாங்கும் டப்பாவில் வருமே, அதுவே போதும். சில்வர் பீச் போய் வந்தால் முன் கண்ணாடியில் உப்புப் படியும். சட்டை நுனியால் துடைத்தீர்கள் என்றால் நான் உங்களோடு பேசமாட்டேன். முதலில் ரப்பர் புளோயரால் ஊதி மணலை விரட்டுங்கள், பிறகுதான் துணி. முன்னால் ஒரே தட்டைக் கண்ணாடி இருப்பதால் துடைப்பது சுலபம், கீறல் விழுந்தால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விழும்.

இதை வாங்குவதற்கு முன் மொபைலில் மாட்டுகிற கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தோம். பெயர் வேண்டாம். பூச்சிக்கு இரண்டு விரற்கடை கிட்டே போனால்தான் ஃபோகஸ். அதற்குள் பூச்சி அடுத்த தெருவில் இருக்கும். ஆனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முட்டைக்கும் புழுவுக்கும் அதுதான் சரி, அவை எங்கும் ஓடுவதில்லை. இன்னொன்று, படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் ஆப். நாங்கள் போட்டுப் பார்த்ததில் மஞ்சளாக எதைக் காட்டினாலும் காமன் கிராஸ் எல்லோ என்றது. ஊரில் அதிகம் இருப்பது அதுதான் என்பதால் பத்துக்கு ஏழு சரியாகவும் வந்துவிடும். மீதி மூன்றுக்குத்தானே அவள் புராஜெக்ட்.

புழுவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை விட்டுவிட மனசில்லை. காமனும் திரீ ஸ்பாட்டும் பறக்கும்போது அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் பிள்ளை வளர்ப்பில் வேறு வேறு. காமன் ஒரு இலைக்கு ஒரு முட்டையாக ஒட்டிப் போகும். தகரை, அகத்தி, கொடுக்காப்புளி என்று பயறு வகைக் குடும்பத்தில் எது அகப்பட்டாலும் சரி. புழு பச்சை, தலையும் பச்சை. திரீ ஸ்பாட் ஒரே இடத்தில் கூட்டமாக முட்டையிடும். புழுக்களும் கூட்டமாகவே இருந்து மயில்கொன்றைக் கிளையை மொட்டையடிக்கும். அதுகளுக்குத் தலை கறுப்பு. திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டுக் கொல்லையில் மயில்கொன்றையை மொட்டையடித்த கறுப்புத் தலைக் கூட்டத்துக்கு மருந்தடிக்க அக்கா பம்போடு நின்றாள், மகள் குறுக்கே விழுந்து தடுத்தாள். அந்தக் கிளை முழுக்கக் கூட்டுப்புழு தொங்கி, பிறகு வெளியே வந்தவற்றை பைனாகுலரில் பார்த்தால் அறைக்குள் பொட்டு மூன்று. ஆகவே பொட்டு எண்ணத் தெரியாதவர்கள்கூட புழுவின் தலையைப் பார்த்து இனம் சொல்லலாம். ஸ்மாலும் ஸ்பாட்லெஸ்ஸும் இந்தப் பெரிய செடிகளுக்கு வருவதில்லை. தொட்டாச்சிணுங்கி இலை மாதிரி இலையோடு, முள் இல்லாமல், தரையோடு கிடக்கும் குட்டிக் கொன்றை வகைகளில் இடும். வீடு கட்டுவதற்கு முன் புல்டோசரில் மனையைச் சுத்தம் செய்கிறார்களே, முதலில் போவது அந்தச் செடிதான்.

எந்த லென்ஸும் தொட முடியாத இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். காமனில் சிலசமயம் இரண்டு பொட்டில் ஒன்று மங்கிப் போயிருக்கும். அப்போது பின் இறகின் வெளி விளிம்பைப் பாருங்கள்: காமனுக்கு நடுவில் லேசாக முனை தட்டும், திரீ ஸ்பாட்டுக்கு வளைவு சீராகப் போகும். அதுவும் பிடிபடாவிட்டால் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஜப்பானில் அதற்கும் மேலே போனது. ஹெகாபே என்று ஒரே இனமாக வைத்திருந்ததை, இறகு ஓரத்து முடி மஞ்சளா பழுப்பா என்பதில் தொடங்கி, சாப்பிடும் செடி, இனச் சேர்க்கை எல்லாம் பார்த்து இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மாண்டரினா என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். டிஎன்ஏ பார்த்தால் தீர்ந்ததே என்று நான் கேட்டேன். தீரவில்லையாம். வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா இவற்றின் உடம்பில் இருக்கிறது, தாய் வழியாகப் பரவுவது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் டிஎன்ஏவும் தாய் வழிதான் வருகிறது. அந்தக் கிருமி ஒரு இனத்திலிருந்து இன்னொன்றில் நுழைந்து பரவியபோது இந்த டிஎன்ஏவையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது. இனம் வேறு, டிஎன்ஏ என்கிற அடையாளச் சீட்டு ஒன்று. ஒக்கினாவாவில் இந்தக் கிருமியின் ஒரு வகை இருக்கும் தாய்களுக்குப் பெண் பிள்ளைகள் மட்டுமே பிறக்கின்றன. இதைக் கேட்ட பிறகு, கேப்பர் மலையில் "காமன்" என்று நான் அடித்துச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

யார் வாங்கலாம்? பட்டாம்பூச்சி, தும்பி, சிலந்தி, பூ பார்க்கிறவர்கள், பிடிக்காமல் பார்க்க நினைக்கும் மாணவர்கள். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள், வட்டம் முழுசாகத் தெரியும். முதலில் இடது கண்ணுக்குச் சக்கரத்தால் ஃபோகஸ் வைத்து, பிறகு வலது கண் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் "மங்கலா இருக்கு" என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். விலை இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. எங்களுக்கு வந்த பெட்டியில் கழுத்து வாரைக் காணோம், விற்ற ஆன்லைன் கடை அதற்கு இன்றுவரை பதில் போடவில்லை. பழைய கேமரா வார் ஒன்றை மாட்டியிருக்கிறோம். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் என்கிற கடலூர்க்காரர்கள் கடைக்கு வரலாம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலையில் இருப்போம். சும்மா வந்தால்கூடப் பரவாயில்லை, நின்றுபோன வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தால் இன்னும் விசேஷம்.